கூழைக்கடாவும் கோதுமை மணியும்

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் ஒரு பறவையின் சிற்பத்தை அடிக்கடி காணலாம். கூட்டில் அமர்ந்திருக்கும் தாய்ப்பறவை தன் நீண்ட அலகால் தன் மார்பையே குத்திக்கொள்கிறது. அங்கிருந்து வடியும் குருதியைக் குஞ்சுகள் அண்ணாந்து பருகுகின்றன. அந்தப் பறவை கூழைக்கடா. நம் நாட்டு ஏரிகளில் மீன் தேடி நீந்தும், அலகின் கீழ் பை தொங்கும் அதே இனம்தான். கிறிஸ்தவ மரபில் அது சிலுவையில் குருதி சிந்திய இயேசு கிறிஸ்துவின் சின்னம். தாந்தே தமது காவியத்தில் கிறிஸ்துவை அப்பறவையின் பெயரால் குறிப்பிடுகிறார். தாமஸ் அக்வினாஸ் இயற்றியதாகக் கருதப்படும் துதிப்பாடல் ஒன்றும் அவ்வாறே அழைக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கொடியில் இன்றும் அப்பறவை தன் மார்பிலிருந்து மூன்று துளிக் குருதி சிந்திக்கொண்டிருக்கிறது.

ஆனால் கூழைக்கடா தன் குஞ்சுகளுக்குக் குருதி ஊட்டுவதில்லை. அது ஊட்டுவது மீன்.

இங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. தியாகம், மீட்பு என்னும் உயர்ந்த உண்மைகளை இயற்கையில் காணும்போது நாம் உண்மையிலேயே எதையாவது காண்கிறோமா, அல்லது நம் மனத்தில் இருப்பதை மலர் மீதும் பறவை மீதும் எழுதிவிட்டு மீண்டும் அதையே படிக்கிறோமா? இது பண்டிதர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. ‘இயற்கையே இப்படித்தான், நீயும் உன்னைக் கொடுத்துவிடு’ என்று ஒரு மனிதர் மற்றொரு மனிதரிடம் கூறும்போது இக்கேள்வி வாழ்வின் கேள்வியாகிவிடுகிறது.

இயற்கை என்னும் ஏடு

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த ஹியூ என்ற துறவி, காணப்படும் இவ்வுலகம் முழுவதையும் இறைவன் தன் விரலால் எழுதிய ஒரு நூலுக்கு ஒப்பிட்டார். எழுத்தறியாதவன் ஏட்டில் கோடுகளை மட்டும் காண்பான். அறிந்தவன் பொருளைக் காண்பான். அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த பொனவெஞ்சர், படைப்புகள் யாவும் படைத்தவனின் காலடித் தடங்கள் என்று போதித்தார்.

இந்தப் பார்வைக்கு மிகப் பழமையான வேர் உண்டு. கிறிஸ்தவ சகாப்தத்தின் முதல் சில நூற்றாண்டுகளுக்குள், பெரும்பாலும் எகிப்தின் அலெக்சாந்திரியாவில், கிரேக்க மொழியில் ‘ஃபிசியோலகஸ்’ என்ற சிறு நூல் தோன்றியது. விலங்குகள், பறவைகள், கற்கள், மரங்கள் ஆகியவற்றின் இயல்புகளைக் கூறி, ஒவ்வொன்றிலும் ஒரு ஆன்மிக உண்மையைச் சுட்டுவது அதன் முறை. அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, இடைக்கால ஐரோப்பாவின் மனத்தையே உருவாக்கிய நூல்களில் ஒன்றாயிற்று. கூழைக்கடாவின் கதை பரவியதும் அதன் வழியாகத்தான்.

அந்நூலில் உள்ள கதையும் பிற்காலச் சிற்பங்கள் காட்டும் கதையும் ஒன்றல்ல. பழைய கதையின்படி, குஞ்சுகள் சற்று வளர்ந்ததும் தம் பெற்றோரின் முகத்தில் கொத்துகின்றன. பெற்றோர் சினந்து திருப்பி அடிக்க, குஞ்சுகள் மாண்டுபோகின்றன. பின்னர்ப் பெற்றோர் வருந்துகின்றனர். மூன்றாம் நாள் தாய் தன் விலாவைத் திறந்து குஞ்சுகளின் உடல்மீது குருதியைச் சொரிய, அவை உயிர்பெற்று எழுகின்றன. பிற்காலக் கதையிலோ குற்றமும் இல்லை, மரணமும் இல்லை. குஞ்சுகள் பசித்திருக்கின்றன, தாய் தன் குருதியை ஊட்டுகிறாள். அவ்வளவே.

இந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது. பிற்காலக் கதை தியாகத்தைச் சொல்கிறது. பழைய கதையோ மீட்பைச் சொல்கிறது. பசித்தவனுக்கு உணவு கொடுப்பது தியாகமாகலாம். தன்னை அடித்தவனுக்கு, தன் சினத்தால் அழிந்தவனுக்கு, உயிரைத் திருப்பிக் கொடுப்பது மீட்பு. மக்கள் மனம் எளிதான கதையை வைத்துக்கொண்டு கடினமான கதையை மெல்ல மறந்துவிட்டது. தாய்மை எல்லோருக்கும் விளங்கும். மன்னிப்பு அவ்வளவு எளிதில் விளங்குவதில்லை.

ஒரே மலர், பல வாசிப்புகள்

தென் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் சென்ற ஸ்பானிய மறைபரப்பாளர்கள் அங்கே விந்தையானதொரு கொடிமலரைக் கண்டனர். அதன் ஓவியங்களும் வர்ணனைகளும் ரோம் நகரை அடைந்தன. சிலுவையைப் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்த ஜியாக்கொமோ போசியோ, 1610இல் வெளியான அந்நூலில் அம்மலரையும் சேர்த்துக்கொண்டார். காலப்போக்கில் மலரின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பொருள் நிலைபெற்றது. நடுவிலுள்ள இழைவட்டம் முள்முடி. மூன்று சூலகமுடிகள் மூன்று ஆணிகள். ஐந்து மகரந்தப் பைகள் ஐந்து காயங்கள். சுருண்ட பற்றுக்கம்பிகள் சாட்டைகள். இதழ்கள் ஐந்தும் புல்லிகள் ஐந்தும் சேர்ந்து பத்துச் சீடர்கள். மறுதலித்த பேதுருவும் காட்டிக்கொடுத்த யூதாசும் கணக்கில் இல்லை. 1753இல் லின்னேயஸ் அந்தத் தாவரப் பேரினத்துக்குப் ‘பாசிஃப்ளோரா’ என்று பெயரிட்டார். ‘பாடுகளின் மலர்’ என்பது அதன் பொருள். கடைகளில் நாம் காணும் ‘பேஷன் ஃப்ரூட்’ என்ற பழப் பெயரின் முதற்சொல் வேட்கையைக் குறிப்பதன்று. கிறிஸ்து பட்ட துன்பத்தைக் குறிப்பது.

இதே மலர்க்கொடி நம் நாட்டுக்கும் வந்தது. வடநாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் மக்கள் அதைக் ‘கிருஷ்ண கமலம்’ என்று அழைக்கின்றனர். சுற்றியுள்ள எண்ணற்ற இழைகள் நூறு கௌரவர். ஐந்து மகரந்தப் பைகள் பஞ்ச பாண்டவர். மேலே மூன்றாய்ப் பிரிந்து நிற்பவை மும்மூர்த்திகள் என்று அவர்கள் கூறுவார்கள். ஜப்பானியர் அம்மலரைக் கண்டதும் அவர்கள் நினைவுக்கு வந்தது கடிகாரம். வட்டமான முகமும் அதன்மேல் முட்களும் தெரிந்தன. ‘கடிகாரச் செடி’ என்று பெயரிட்டனர்.

ஒரே மலர். ஒருவர் கல்வாரி மலையைக் கண்டார். ஒருவர் குருக்ஷேத்திரத்தைக் கண்டார். ஒருவர் மணி பார்த்தார். அப்படியானால் மலரில் எழுதப்பட்டிருப்பது என்ன?

எதுவும் எழுதப்படவில்லை என்பதே நேர்மையான விடை. மலரில் இருப்பது எண்ணும் அமைப்பும். பொருள் பார்ப்பவரிடமிருந்து வருகிறது. செங்கழுத்து ராபின் என்ற சிறு பறவை கிறிஸ்துவின் நெற்றியிலிருந்து முள்ளைப் பிடுங்கியபோது குருதி பட்டு அதன் மார்பு சிவந்தது என்பது போன்ற கதைகளும் இத்தகையனவே. சிலுவை செய்யப் பயன்பட்டதால் சாபம் பெற்றுக் குட்டையானதாகச் சொல்லப்படும் டாக்வுட் மரத்தின் இனம் கிழக்கு அமெரிக்காவுக்குச் சொந்தமானது. ஜெருசலேமில் அது முளைத்ததே இல்லை. இவை பக்தியின் விளையாட்டுகள். அவற்றில் அழகு உண்டு, நிரூபணம் இல்லை.

பெரிய மனங்கள் இதை அறியாமலில்லை. ஹிப்போ நகரின் ஆயரான அகஸ்டின் (354–430), சங்கீதம் ஒன்றுக்கு உரை செய்யும்போது கூழைக்கடாக் கதையை எடுத்துக்கொள்கிறார். இது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, மெய்யானால் கிறிஸ்துவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று தொடர்கிறார். பறவையின்மேல் அவர் தமது நம்பிக்கையைக் கட்டவில்லை. நம்பிக்கை வேறிடத்தில் நிலைகொண்டிருந்தது. பறவை அதற்கு ஓர் உவமை மட்டுமே. இங்கிலாந்தின் தாமஸ் பிரவுன் 1646இல் மக்களிடையே வழங்கிய தவறான நம்பிக்கைகளை ஆராய்ந்து எழுதிய நூலில் இந்தக் கூழைக்கடா ஓவியத்தையும் ஆராய்ந்தார். அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர். கதையை ஐயுற்றதால் அவரது பக்தி குறைந்துவிடவில்லை.

இயற்கையின் மறுபக்கம்

கதை எப்படித் தோன்றியிருக்கக்கூடும் என்று பறவையை அறிந்தவர்கள் கூறுவதுண்டு. கூழைக்கடா தன் அலகை மார்போடு அழுத்திப் பையிலுள்ளதை வெளிக்கொணரும். சில இனங்களில் இனப்பெருக்கக் காலத்தில் அலகின் பை செந்நிறம் கொள்ளும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மார்பைக் கிழிப்பதுபோல் தோன்றியிருக்கலாம்.

ஆனால் இன்னும் அருகில் சென்று பார்த்தால் மற்றொரு காட்சி தெரிகிறது. அமெரிக்க வெள்ளைக் கூழைக்கடா வழக்கமாக இரண்டு முட்டை இடும். முதற்குஞ்சு ஓரிரு நாள் முந்திப் பொரிக்கும். அது இளையதைக் கொத்தியும் விரட்டியும் உணவு கிடைக்கவிடாமல் செய்யும். பெரும்பாலும் இளைய குஞ்சு பிழைப்பதில்லை. பெற்றோர் இதைத் தடுப்பதுமில்லை. மூத்தது தவறிப்போனால் உதவுவதற்காகவே இரண்டாம் முட்டை என்று உயிரியலார் விளக்குகின்றனர். அதைக் காப்பீட்டு முட்டை என்றே அழைக்கின்றனர். தியாகத்தின் சின்னமாகத் தேவாலயத்தில் வீற்றிருக்கும் பறவையின் கூட்டில், ஒரு குஞ்சு மற்றொன்றுக்காகக் கைவிடப்படுகிறது.

சார்லஸ் டார்வின் இதே வகையான காட்சியால் கலங்கியவர். 1860 மே மாதம் அமெரிக்கத் தாவரவியலார் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுவின் உடலை உள்ளிருந்தே தின்னும் குளவி இனத்தைக் குறிப்பிட்டு, கருணையும் சர்வ வல்லமையும் உள்ள இறைவன் இதை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் எண்ண முடியவில்லை என்று தெரிவித்தார். இயற்கையில் தியாகத்தைப் படிக்க முடியுமானால் கொடுமையையும் படிக்க முடியும். ஒரு பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு நூலை மூடுவது வாசிப்பாகாது.

மற்றொன்றையும் நேர்மையுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூழைக்கடாவைப் பற்றிப் பொய்யான ஒன்று வேறு உயிர்களிடத்தில் மெய்யாக இருக்கிறது. பூநாரையின் தாயும் தந்தையும் தம் தொண்டைப்பையில் சுரக்கும் பால்போன்ற திரவத்தைக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. அத்திரவம் குருதிபோல் சிவந்திருக்கும். ஊட்ட ஊட்டப் பெற்றோரின் இறகுகள் செம்மை மங்கி வெளுக்கின்றன. இந்தியாவிலும் வாழும் ‘ஸ்டெகோடைஃபஸ்’ என்ற சிலந்திப் பேரினத்தில் தாய் தன் உள்ளுறுப்புகளையே கரைத்துக் குஞ்சுகளுக்கு உணவாக்குகிறது. இறுதியில் குஞ்சுகள் தாயையே உண்டுவிடுகின்றன. சிற்பிகள் அறிந்திருந்தால் அலங்கரித்திருக்க வேண்டியது இச்சிலந்தியைத்தான்!

அப்படியானால் அந்தச் சிலந்தி தியாகம் செய்கிறதா?

விதைக்குள் நடப்பது

இக்கேள்விக்கு விடை தேட, சுவிசேஷத்தில் இயேசுவே எடுத்துக்காட்டிய இயற்கைச் சின்னத்துக்கு வருவோம். யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் அவர் கோதுமை மணியைக் கூறுகிறார். மண்ணில் விழுந்து மடியாத மணி தனித்தே இருக்கும். மடிந்தால் மிகுந்த பலன் தரும் என்பது அதன் கருத்து. தமது மரணம் நெருங்குவதை அறிந்து அவர் அளித்த உவமை இது.

தாவரவியல் நோக்கில் முளைக்கும் விதை மடிவதில்லை. மடிந்த விதை முளைப்பதில்லை. ஆனால் மணிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் உவமை பொய்யாவதற்குப் பதிலாக ஆழம் பெறுகிறது. கோதுமை மணியின் எடையில் சுமார் 83 விழுக்காடு மாவுச்சத்து நிறைந்த முளைசூழ் தசை. முளைக்கப்போகும் கரு இரண்டரை விழுக்காடு அளவே. ஈரம் பட்டதும் கரு ஒரு வேதிச் செய்தியை அனுப்புகிறது. முளைசூழ் தசையைச் சுற்றியுள்ள மெல்லிய உயிரணு அடுக்கு அச்செய்தியை ஏற்று, மாவை இனிப்பாகக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. சுரந்து முடித்தபின் அந்த அணுக்கள் இறக்கின்றன. சேமிப்பு முழுவதும் கரைந்து கருவுக்குள் செல்கிறது. பச்சை முளை மண்ணைப் பிளந்து வெளிவந்து வளர வளர, பழைய மணியில் இறுதியில் வெறும் தோல் மட்டுமே மிஞ்சுகிறது.

மணி மடிகிறது என்பதைக் காட்டிலும் மணி முழுவதும் கொடுக்கப்பட்டுவிடுகிறது என்பதே பொருத்தம். கொடுக்காமல் வைத்திருந்தால் அது பத்திரமாக இருக்கும்; ஆனால் மணியாகவே இருக்கும்.

இருந்தும், மணிக்குத் தெரியாது. சிலந்திக்கும் தெரியாது. ‘மாட்டேன்’ என்று சொல்லும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. மறுக்க இயலாத ஒன்று கொடுப்பதை நாம் வியக்கலாம்; நன்றியுடன் ஏற்கலாம்; தியாகம் என்று அழைக்க முடியாது. தியாகம் என்ற சொல்லுக்குள் சுதந்திரம் அடங்கியிருக்கிறது. வைத்திருக்க உரிமை உள்ளவன், வைத்திருக்க விரும்பவும் செய்பவன், மனமறிந்து விடுவதே தியாகம்.

இதனால்தான் நற்செய்திகள் கெத்சமனித் தோட்டத்தை மறைக்கவில்லை. அங்கே இயேசு மரணத்தை நோக்கி மகிழ்ந்து ஓடவில்லை. அவர் கலங்கினார், கூடுமானால் அந்தக் கிண்ணம் தம்மைவிட்டு அகலட்டும் என்று வேண்டினார், அதன்பிறகே தந்தையின் விருப்பத்துக்குத் தம்மை ஒப்படைத்தார். கோதுமை மணியின் வாழ்வில் அந்த இரவு இல்லை. அந்த இரவு இல்லாவிட்டால் சிலுவை ஒரு விபத்து, அல்லது ஒரு கொலை மட்டுமே. தம் உயிரை யாரும் தம்மிடமிருந்து பறிக்கவில்லை, தாமே கொடுப்பதாக அவர் கூறினார் என்பதை யோவான் தனியே பதிவு செய்ததும் இதற்காகத்தான்.

ஒரே முடிவு, இரண்டு வழிகள்

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கோதுமை மணியின் உவமைக்கு முந்தைய அதிகாரத்தில், யோவான் 11இல், தலைமைக் குரு கயபா பேசுகிறார். இனம் முழுவதும் அழிவதைவிட மக்களுக்காக ஒருவன் சாவதே நல்லது என்பது அவர் ஆலோசனை. அடுத்த அதிகாரத்தில் இயேசு, ஒரு மணி மடிந்தால் பல மணிகள் பிறக்கும் என்கிறார்.

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒருவர் மடிகிறார், பலர் வாழ்கின்றனர். கணக்கு வேறுபடவில்லை. வேறுபடுவது பேசுபவரின் இடம். கயபா மற்றவனின் உயிரைக் கணக்கில் வைத்தார். இயேசு தம் உயிரை வைத்தார். முன்னது அரசியல் சூழ்ச்சி, பின்னது தியாகம். கயபா தம்மையும் அறியாமல் தீர்க்கதரிசனம் உரைத்தார் என்று யோவான் எழுதுகிறார். ஆனால் அதனால் அவர் செய்தது நியாயமாகிவிட்டதென்று எந்த இடத்திலும் எழுதவில்லை.

கூழைக்கடாவின் கூட்டில் கைவிடப்படும் இரண்டாம் குஞ்சு கயபாவின் கணக்குக்கு இயற்கையிலுள்ள எடுத்துக்காட்டு. இயற்கைமீது குற்றம் சுமத்த இயலாது. அதற்கு மனச்சாட்சி இல்லை. மனிதன் அதே கணக்கைப் போட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டும்போதுதான் பாவம் நுழைகிறது. பிரெஞ்சு அறிஞர் ரெனே ஜிரார் 1970களில் எழுதிய நூல்களில் இதை வலியுறுத்தினார். சமூகங்கள் தம் உட்பகையைத் தீர்க்க ஒருவரைப் பலியாக்கி அமைதி கண்டுள்ளன. பலியானவர் குற்றமற்றவர் என்பதைப் பலியானவரின் பக்கம் நின்று வெளிப்படையாகச் சொன்னதே நற்செய்திகளின் தனிச்சிறப்பு என்பது அவர் வாதம்.

1941 ஜூலை மாத இறுதியில் போலந்திலுள்ள ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இவ்விரு கணக்குகளும் ஒரே முற்றத்தில் நேருக்கு நேர் நின்றன. ஒரு கைதி தப்பிவிட்டதாகக் கருதப்பட்டது. பதிலுக்குப் பத்துப் பேரைப் பட்டினியிட்டுக் கொல்ல முகாம் அதிகாரி தேர்ந்தெடுத்தார். அவர்களில் ஒருவரான ஃபிரான்சிஷெக் கயோவ்நிசெக், தம் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்துக் கதறினார். அப்போது மாக்சிமிலியன் கோல்பே என்ற பிரான்சிஸ்கன் துறவி வரிசையிலிருந்து முன்வந்து, அவருக்குப் பதிலாகத் தாம் செல்வதாகக் கூறினார். இரண்டு வாரங்களுக்குப் பின்னும் உயிருடன் இருந்த அவரை ஆகஸ்ட் 14 அன்று நச்சு ஊசியிட்டுக் கொன்றனர்.

அதிகாரியின் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. அதே பத்துப் பேர் இறந்தனர். ஆயினும் அந்தப் பத்தில் ஒன்று பறிக்கப்படாமல் கொடுக்கப்பட்டது. அந்த ஒன்றை முகாமின் ஆட்சியால் தொட முடியவில்லை.

கயோவ்நிசெக் உயிர் பிழைத்தார். ஆனால் யாருக்காகக் கதறினாரோ அந்தப் பிள்ளைகள் இருவரும் 1945இல் குண்டுவீச்சில் இறந்துபோனதை அவர் வீடு திரும்பியபோது அறிந்தார். மனைவி மட்டும் இருந்தார். தியாகம் எப்போதும் விரும்பிய பலனைத் தந்துவிடும் என்று எண்ணுபவர்கள் இதை மறக்கலாகாது. 1982இல் கோல்பேக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது கயோவ்நிசெக் அங்கிருந்தார். 1995இல் தமது 93ஆம் வயதில் மறையும் வரை அத்துறவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மீட்பு எங்கே?

மீட்பு என்ற சொல்லைப் பொதுவாக நாம் சமயச் சொல்லாகவே எண்ணுகிறோம். ஆனால் அடகு வைத்த நகையை மீட்கிறோம். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்பதைத் தமிழ் இலக்கண மரபு கரந்தை என்கிறது. இதற்கு நிகரான லத்தீன் சொல்லின் பொருளும் விலைகொடுத்துத் திரும்பப் பெறுதல். அடிமையை விலை செலுத்தி விடுவிப்பதையும் அது குறித்தது. எனவே மீட்பு என்றால் ஏதோ ஒன்று முன்பு நமக்கு உரியதாயிருந்து, கைவிட்டுப் போய், இப்போது திரும்ப வருகிறது.

இந்தப் பொருளில் இயற்கையில் மீட்பு உண்டா? குளிர்காலத்தில் உதிர்ந்த இலை வசந்தத்தில் துளிர்க்கிறது. அது சுழற்சி. உதிர்ந்த இலை திரும்புவதில்லை. வேறு இலை வருகிறது. கைவிடப்பட்ட இரண்டாம் குஞ்சு எழுவதில்லை. மூத்த குஞ்சு அதனிடம் மன்னிப்புக் கேட்பதுமில்லை. விதைப்பவன் நல்லவனாயினும் தீயவனாயினும் கோதுமை ஒரேவிதமாக முளைக்கிறது. இயற்கை புதுப்பிக்கும், மன்னிக்காது.

கிறிஸ்தவ மரபின் ஆழமான குரல் இதை ஒப்புக்கொள்கிறது. புனித பவுல் ரோமர்களுக்கு எழுதிய மடலின் 8ஆம் அதிகாரத்தில், படைப்பு அனைத்தும் பேறுகால வேதனையுற்றவளைப்போலப் பெருமூச்சு விட்டு விடுதலையை எதிர்நோக்கியிருப்பதாகக் கூறுகிறார். இதன்படி இயற்கை மீட்பைத் தருவதன்று. மீட்புக்காக நம்மோடு சேர்ந்து காத்திருப்பது. குளவிக்கு இரையான புழுவைக் கண்டு டார்வின் அடைந்த கலக்கத்தைப் பவுல் மறுக்கவில்லை. அதையே பெருமூச்சு என்று பெயரிட்டார் எனலாம்.

அப்படியானால் இயற்கையில் சின்னங்களைத் தேடுவது வீணா? வீணன்று. ஆனால் அவற்றிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிய வேண்டும். கிறிஸ்தவ வழிபாட்டில் பீடத்தில் வைக்கப்படுவது கோதுமைக் கதிர் அன்று; அப்பம். கதிர் வயல் தந்தது. அது அறுக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, பிசையப்பட்டு, நெருப்பில் வெந்த பின் மனிதக் கைகள் அதை மனமறிந்து ஏந்துகின்றன. அறியாமல் கொடுக்கப்பட்டதை அறிந்து கொடுக்கும் இடம் மனிதன். அதுவரை அது வெறும் தானியம், அங்கேதான் காணிக்கையாகிறது.

நாம் உண்ணும் ஒவ்வொரு கவளமும் ஏதோ ஓர் உயிர் தனக்கென்று சேமித்த முளைசூழ் தசை. அது நம்மை அனுமதி கேட்கவில்லை. நாமும் அதனிடம் கேட்கவில்லை. இந்த உண்மையை உணர்பவன் தான் கடனாளி என்பதை அறிவான். இயற்கை நமக்குக் கற்பிப்பது தியாகத்தை அன்று, கடனை. அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்பதைப் பறவையும் விதையும் சொல்லித் தருவதில்லை. அது நம் சுதந்திரத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

உபதேசிப்பவருக்கு ஒரு சோதனை

இறுதியாக, நடைமுறைக்கு உரிய ஒன்று. ‘குடும்பத்துக்காக நீ விட்டுக்கொடு’ என்று படிக்க விரும்பும் மூத்த மகளிடம் சொல்லப்படுகிறது. ‘நிறுவனத்துக்காகப் பொறுத்துக்கொள்’ என்று குறைந்த கூலி பெறுபவரிடம் சொல்லப்படுகிறது. ‘தாய் என்றால் மெழுகுவத்தி’ என்று களைத்துப்போன பெண்ணிடம் சொல்லப்படுகிறது. ஆன்மிகச் சபைகளிலும் இது நிகழாமலில்லை. சொல்பவர்கள் தியாகத்தின் பெருமையைப் பேசுவதாகவே நம்புகின்றனர். மணி மடியத்தான் வேண்டும் என்ற உவமையும் அவர்களுக்குக் கைகொடுக்கிறது.

அத்தகைய நேரத்தில் ஒரே ஒரு சோதனை போதும். அந்த வாக்கியத்தில் மடியும் மணி யார்? பேசுபவர் தாமா, அல்லது கேட்பவரா? கேட்பவர் என்றால் அது கயபாவின் வாக்கியம். எத்தனை அழகான உவமையை உடுத்தினாலும் அது மாறாது. மற்றவரின் உயிரையும் உழைப்பையும் கனவையும் எடுத்து ‘அர்ப்பணிக்க’ யாருக்கும் அதிகாரம் இல்லை. அர்ப்பணிக்கத்தக்கது நம் கையிலுள்ள ஒன்றே.

அந்த மகள் தானே முன்வந்து விட்டுக்கொடுத்தால் அது மகத்தானது. ஆனால் அவளுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும் வழி திறந்திருக்க வேண்டும். அந்த வழியைத் திறந்து வைப்பதே அவளைச் சுற்றியுள்ளவர்கள் செய்யக்கூடிய முதல் தியாகம். பழைய கூழைக்கடாக் கதையில் குஞ்சுகளின் விலாவை யாரும் திறக்கவில்லை. திறந்தது தாய், தன் விலாவை.

கதை பறவையைப் பொறுத்தவரை பொய். அகஸ்டின் சொன்னதுபோல் அது ஒருபுறம் இருக்கட்டும். அதை மெய்யாக்கும் பொறுப்பு பறவையிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது.